நொறுங்கும் தொழிலாளர் ஏடுகள்

ஆசிரியருக்கு,

1918-இல் பெரம்பூரில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் குரலை பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) பஞ்சாலை வாசலைத் தாண்டிக் கொண்டுபோனதில் திரு.வி.க.வின் ‘தேசபக்தன்’ நாளேட்டுக்கும், 1920-இல் வந்த ‘நவசக்தி’ இதழுக்கும் பெரும்பங்கு உண்டு. மேடைப் பேச்சைக் கேட்கவில்லை என்று நிர்வாகம் சொல்லலாம். அச்சேறிய கோரிக்கையை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

சங்க அலுவலகங்களில் பழைய இதழ்கள் இருந்தால் கவனம். மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பழுப்பேறி, முதலில் மடிப்பில்தான் உடையும். செல்லோ டேப் ஒட்டவே கூடாது: டேப் உதிர்ந்தாலும் பசைக்கறை எழுத்தின் மேல் தங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். தட்டையாக விரித்து, மேலிருந்து 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) ஸ்கேன் எடுங்கள். விளம்பரப் பக்கங்களையும் (அவற்றைத்தான் முதலில் கிழித்தெறிகிறார்கள்!) விட்டுவிடாதீர்கள்.

– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை-11