அறைக்கதவை மூடிக்கொண்ட மகளைப் பற்றி, ஒரு தாய்க்கு (2021)

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். "வேளைக்குச் சாப்பாடு, தனி அறை, வேகமான இணையம் எல்லாம் கொடுத்திருக்கிறோம், கொவிட்-19 கிருமித்தொற்றும் வீட்டுக்குள் வரவில்லை, பிறகு இவளுக்கு என்ன குறை?" என்று தொலைபேசியில் நீங்கள் கேட்டபோது, அவசரமாக எதையோ சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவள் என்பதால் வேறு பெற்றோரும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். ஆகவே உங்கள் சம்மதத்துடன், உங்கள் மகளை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்காமல், பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அவள் 2020 ஆகஸ்ட்டில் முதலாண்டில் சேர்ந்தவள். அந்த ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி சிங்கப்பூரில் நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டதும் பெரிய வகுப்புகள் இணையத்துக்கு மாறின. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் நாடே வீட்டுக்குள் இருந்தது. அதன்பின் கட்டுப்பாடுகள் தளர்வதும், 2021 மே மாதத்திலும் ஜூலையிலும் நடந்ததுபோல் மீண்டும் இறுகுவதுமாகவே இருந்ததால், மூத்த மாணவர்கள் நடத்தும் அறிமுக முகாமையும், ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடக்கும்போது வளரும் பேச்சையும், கேண்டீன் மேசையைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து வேலையை முடிக்கும் மாலைகளையும் ஏறக்குறைய அறியாமலேயே அவள் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள்.

சிறு குழுவாக நான் நடத்தும் டுடோரியல் வகுப்பில் பெரும்பாலான மாணவர்கள் கேமராவை அணைத்து வைத்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்த நொடியே எல்லோரும் திரையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் பையை எடுத்துக்கொண்டு எழும்போது, "எனக்கும் அந்தக் கணக்கு புரியவே இல்லை" என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது என் காதில் விழும். அப்படி ஒரு வார்த்தையைக் கேட்க வழியில்லாத பிள்ளை, புரியாதது தனக்கு மட்டும்தான் என்று நம்பிவிடுகிறது. பதிவுசெய்த விரிவுரையை நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட, அவை குவிந்துகொண்டே போக, குவிந்ததை நினைத்தாலே நெஞ்சு படபடக்க, கடைசியில் மடிக்கணினியைத் திறக்கவே கை வராமல் போகிறது. பார்ப்பவர்களுக்கு இது சோம்பலாகவும் கைப்பேசி மோகமாகவும் தெரியும். "நாங்கள் படாத கஷ்டமா?" என்று உறவினர் ஒருவர் அவளிடம் கேட்டதாகச் சொன்னீர்களே, அந்தப் பேச்சை மட்டும் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். அது அவளை ஒருநாளும் எழுப்பாது. சொல்ல வாயெடுத்ததையும் விழுங்க வைத்துவிடும்.

விடியற்காலையில் உறங்கி நண்பகலில் எழுகிறாள் என்பது உங்கள் பெரிய வருத்தம். உடலின் கடிகாரம் காலை வெளிச்சத்தையும் உண்ணும், உறங்கும் நேரங்களையும் பிடித்துக்கொண்டுதான் ஒழுங்காக ஓடுகிறது. எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனபோது அந்தப் பிடிமானமும் போய்விட்டது. இத்தனை மணிக்கு எழுந்தே ஆகவேண்டும் என்று உத்தரவிடுவதைக் காட்டிலும், காலையில் சந்தைக்கு உடன் வரும்படி கேளுங்கள். போகும் வழியில் படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

இரவில் அடுக்குமாடி புளோக்கின் கீழே இறங்கிப்போய் நெடுநேரம் பேசுகிறாள் என்றும் சந்தேகத்தோடு சொன்னீர்கள். அறை தனியாக இருந்தாலும் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். இணையவழி மனநல ஆலோசனைக்குப் பதிவுசெய்த மாணவர்கள் சிலர், வீட்டார் காதில் விழுமே என்ற ஒரே காரணத்துக்காக அதை விட்டுவிட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் யாரிடமோ மனம்விட்டுப் பேசுகிறாள் என்றால் அது எனக்கு நிம்மதி தரும் செய்தி.

உங்கள் குரலில் இன்னோர் அச்சமும் இருந்தது: ஆலோசகரிடம் போனால் பதிவாகிவிடுமோ, நாளை வேலைக்கோ கல்யாணத்துக்கோ இடைஞ்சலாகுமோ என்று. பல்கலைக்கழக ஆலோசனைச் சேவையில் பேசுவது மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாது. வேலை விண்ணப்பத்தில் மனநலப் பாதிப்பைத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று நியாயமான வேலை நடைமுறைகளுக்காக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து நடத்தும் முத்தரப்பு அமைப்பான டாஃபெப் 2020 ஜனவரியிலேயே முதலாளிகளுக்கு அறிவுறுத்திவிட்டது. படிப்பிலும் வழிகள் இருக்கின்றன. சில பாடங்களின் தேர்ச்சி நிலை மதிப்பெண் சராசரியில் சேராதபடி பார்த்துக்கொள்ளலாம், தேவையானால் ஒரு பருவம் விடுப்பும் எடுக்கலாம். ஒரு பருவம் தள்ளிப்போவதைப் பற்றி ஊர் பேசினால் பேசட்டும், அக்கா. வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்யப்போவதாகச் சொன்னீர்கள். அவசியம் செய்யுங்கள், ஆலோசகரையும் பார்க்க வையுங்கள்.

அடுத்துச் சொல்வதை எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதியே ஆகவேண்டும். 2019இல் 400ஆக இருந்த தற்கொலை மரணங்கள் சிங்கப்பூரில் 2020இல் 452ஆக உயர்ந்தன. உங்கள் மகளுக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால், "நான் இருந்து என்ன பயன்?" என்று அவள் சொன்னதைக் கோபப் பேச்சு என்று நீங்கள் ஒதுக்கியது எனக்குக் கவலையளிக்கிறது. "வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது; இருக்கும் எண்ணத்தைச் சொல்ல வழி திறக்கும். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமும் இல்லை. ஆகவே போலிஸ் வருமோ என்று அஞ்சி எதையும் மறைக்க வேண்டியதில்லை. அவள் ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மனநலக் கழகத்தின் 6389 2222 எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 995ஐ அழையுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்று அவள் சொன்னால், வரும் இடைவேளை வாரத்தில் ஆலோசகரைச் சந்திக்க விருப்பமா என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் இருந்து பேச அவளுக்குத் தயக்கம் இருந்தால், என் அலுவலக அறையை அந்த ஒரு மணி நேரத்துக்கு அவளுக்கு விட்டுத்தருகிறேன். அவள் சம்மதித்த பிறகு நாள் குறித்துக்கொள்வோம். இப்போது வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை