பணம் பிள்ளையோடு போகட்டும் என்கிறாயே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய அறிக்கை வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். அப்பா சண்டைக்கு வருவார் என்று உன் தம்பியிடம் சொல்லி வைத்தாயாமே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு அரசு கொடுக்கும் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால் அவர்கள் நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேர்ப்பார்கள், மோசமான பள்ளி திருந்தும் அல்லது இழுத்து மூடப்படும் என்கிறாய். இது 1955-லேயே அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதிய யோசனை. புதுசாக இருந்தால் செய்துதான் பார்ப்போமே என்று விட்டுவிடலாம். ஆனால் ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டதே அம்மா.

சிலி நாட்டில் 1981-ல் ராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி யாரையும் கேட்காமல் (கேட்கிற ஆட்சியா அது!) இதைக் கொண்டுவந்தது. அப்போது ஐந்தில் நான்கு பிள்ளைகள் அங்கே பொதுப்பள்ளியில் படித்தார்கள். பிறகு அரசுப் பணம் வாங்கும் தனியார் பள்ளிகள் பெருகி, அது பாதிக்கும் கீழே போனது. எல்லாப் பிள்ளைக்கும் அரசு தந்த தொகை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஆகிற செலவு ஒன்றா? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளைக்குச் செலவு குறைவு, பின்தங்கிய பிள்ளைக்கோ கூடுதலாக ஓர் ஆசிரியர் வேண்டும். லாபக் கணக்குப் போடுகிறவன் யாரைச் சேர்ப்பான்? நுழைவுத்தேர்வு வைத்தார்கள், பெற்றோரைக் கூப்பிட்டு நேர்காணல் நடத்தினார்கள், 1993-ல் விதியைத் தளர்த்தியதும் மானியத்துக்கு மேலே கட்டணம் வாங்குவதும் பரவியது. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் பேச்சு, நடந்தது என்னவோ பள்ளி பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்தது. உன் அறிக்கையில் ‘தேர்வுச் சுதந்திரம்’ என்று வரும் இடங்களில் எல்லாம் யாருடைய சுதந்திரம் என்று எழுதவே இல்லையே. கடைசியில் 2006-ல் சீருடைப் பிள்ளைகளே, ‘பென்குயின்கள்’ என்று அவர்களுக்குப் பெயர், தெருவுக்கு வந்தார்கள், 2011-ல் பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். அதற்கப்புறம் 2015-ல்தான், மானியம் வாங்கும் பள்ளி லாபம் எடுக்கக்கூடாது, பொறுக்கியெடுக்கக்கூடாது, மேல்கட்டணத்தைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது.

இதே முறை இருக்கிற ஸ்வீடனில் மேல்கட்டணம் கிடையாதே என்பாய். கிடையாதுதான். ஆனால் 1992-க்குப் பிறகு அங்கே வந்த தனியார் பள்ளிகள் முதலில் பதிந்தவர்களுக்கு முதலில் இடம் என்று வரிசை வைக்கலாம், அதனால் விவரம் தெரிந்த பெற்றோர் குழந்தை பிறந்த கையோடு பேரைப் பதிந்து விடுகிறார்கள். நேற்று அந்த ஊருக்குக் குடிவந்த அகதியின் பிள்ளை அந்த வரிசையில் எங்கே நிற்கும்? 2013-ல் ஜேபி எஜுகேஷன் என்ற பள்ளி நிறுவனம் திவாலானது, அதை வைத்திருந்த முதலீட்டு நிறுவனம் இனிப் பணம் போட முடியாது என்று கையை விரித்துவிட்டது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நடுவில் நின்றார்கள். கடையை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம், பதினாறு வயதுப் படிப்பை அப்படி மாற்றிக்கொள்ள முடியுமா?

பள்ளிவாரியாக மதிப்பெண் பட்டியல் போட்டால் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும் என்ற உன் இரண்டாவது யோசனைதான் எனக்கு அதிகம் கோபம் தந்தது. இங்கிலாந்தில் 1988 சட்டத்துக்குப் பிறகு பணம் மாணவர் தலையோடு போனது, 1992 முதல் பட்டியலும் வந்தது. ஐந்து பாடத்தில் ‘சி’ தரமோ அதற்கு மேலோ வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் பல காலம் அளவுகோல். விளைவு, ‘டி’யிலிருந்து ‘சி’க்குத் தாண்டக்கூடிய பிள்ளைக்குத் தனி வகுப்பு, தனி கவனிப்பு எல்லாம் கிடைத்தது, எப்படியும் தேறமாட்டான் என்று முடிவுகட்டியவனை ஒதுக்கிவிட்டார்கள். பள்ளி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பட்டியல் கேட்டதைக் கொடுத்தது. அமெரிக்காவில் அட்லாண்டாவில் ஆசிரியர்களே விடைத்தாளில் தப்பை அழித்துச் சரியாக்கினார்கள், 2015-ல் 11 பேர் கொள்ளைக்கூட்டத்துக்கென்று வந்த சட்டத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. மதிப்பெண்ணில் வேலையையும் போனஸையும் கட்டித் தொங்கவிட்டவர்கள் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

அதற்காகப் பொதுப்பள்ளி இருக்கிறபடியே இருக்கட்டும் என்று கொடி பிடிப்பவன் இல்லை நான். எங்கள் இடதுசாரி ஆட்களிலேயே அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு, சம்பளத்தைத் தாண்டி வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்காத சங்கங்களும் உண்டு. பிள்ளையை வெறும் உண்டியலாக நினைத்துத் தகவலைப் போட்டு நிரப்புகிற படிப்பைப் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரி கிழித்தாரே, அவரும் இடதுசாரிதான். பின்லாந்தில் அடிப்படைக் கல்வியில் தனியார் நடத்தினாலும் பொதுவாகக் கட்டணம் இல்லை, லாபமும் எடுக்க முடியாது, ஆய்வாளர் வந்து மிரட்டுவதையும் 1990-களிலேயே விட்டுவிட்டார்கள். சீர்திருத்தம் என்றால் சந்தை மட்டும்தான் என்று உனக்கு யார் சொன்னது?

அறிக்கை இன்னும் மேலே போகவில்லை என்றால் சேர்க்கை பற்றிய பகுதியைத் திருப்பி எழுது. பள்ளி யாரை மறுக்கலாம், மறுத்தால் காரணம் எழுதித் தர வேண்டுமா, ஆண்டு நடுவில் மூடினால் பிள்ளைகளை யார் ஏற்பார்கள், இந்த மூன்றுக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. எழுதியதும் அனுப்பு, ராத்திரி எவ்வளவு நேரமானாலும் கூப்பிடு, விழித்திருப்பேன்.

அப்பா