ஆறு பேரில் ஒரு பெண் கட்டாயம்

பாவூர்சத்திரம்
22 டிசம்பர் 2024

ஏட்டி பேச்சி,

கோபமாக இருப்பாய் என்று தெரியும். உன் வாய்ஸ் மெசேஜ் எதற்கும் பதில் போடவில்லை, கார்த்திகைக்கு ஊருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவும் இல்லை. ஏச வேண்டியதை ஏசி முடித்துவிட்டு மேலே படி. குற்றாலத்தில் மெயின் அருவி ஆர்ச்சையே மூடிக்கொண்டு விழுந்த வீடியோவை நீ அனுப்பிய அன்று நான் வடக்கே இருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். வீட்டில் எல்லாரும் சுகம். ஆச்சிக்கு அதே முட்டுவலி, அதே புலம்பல். தொழுவத்துச் சுவர் மழையில் விழுந்துவிட்டது, மாடு பிழைத்தது. உன் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டு ராணி டீச்சரின் சத்துணவு ஆய்வு ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன், அம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டு வந்தேன். உங்கள் நர்சிங் காலேஜில் இந்தப் பேச்சே இருக்காது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-லிருந்து மத்திய அரசு நடத்துகிறது. அமைச்சகங்களும் துறைகளும் "எங்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது, தீர்வு சொல்லுங்கள்" என்று ஒரு பட்டியல் போடும். ஆறு பேர் கொண்ட அணியாகச் சேர்ந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் காலேஜுக்குள் ஒரு போட்டி, அதில் தேறினால் யோசனையை ஸ்லைடுகளாகப் போட்டு பி.பி.டி. (பவர்பாயின்ட்) அனுப்ப வேண்டும், அதிலும் தேறினால் வேறு ஏதோ ஊரில் ஒரு காலேஜில் 36 மணி நேரம் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும். இந்த வருஷம் காலேஜ்கள் பரிந்துரைத்த அணிகள் மட்டும் சுமார் 49,000, கடைசிவரை போனது 1,300-க்குக் கொஞ்சம் மேலே. 51 இடங்களில் ஒரே நேரத்தில் நடந்தது. ஜெயித்தால் ஒரு லட்சம். நாங்கள் ஜெயிக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு.

நான் எப்படி இதில் மாட்டினேன் தெரியுமா? அணியில் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி. சதீஷும் அவன் கூட்டாளிகளும் ஐந்து பையன்கள், எல்லாம் முடிவாகி, பெயர் கொடுக்கும் நேரத்தில்தான் அந்த வரியைப் பார்த்திருக்கிறார்கள். கேண்டீனில் வந்து நின்றான். "ஒரு பொண்ணு வேணும். பேரு மட்டும் குடு, வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்." கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று அடியில் போடுகிற மாதிரி ஒரு பெயர்! எனக்கு வந்த கோபத்துக்கு டீயை அவன் மேலேயே ஊற்றியிருப்பேன். ஆனாலும் சரி என்றேன். பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்கு இப்படி ஒன்றில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது உனக்குத் தெரியும்.

எனக்குக் கொடுத்த வேலை பி.பி.டி. "உனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்ல." இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் சலிப்பில் அவர்கள் பார்ப்பதே அந்த பி.பி.டி.யைத்தான். தலைப்போடு சேர்த்து ஆறு ஸ்லைடுக்கு மேல் போகக்கூடாது. பையன்கள் எழுதிய புரோகிராமில் ஒரு வரியைக்கூட டெல்லியில் யாரும் பார்க்கப்போவதில்லை.

நாங்கள் எடுத்தது கிராம சுகாதார நர்சுகளின் பதிவேட்டை எப்படி எளிதாக்குவது என்கிற கேள்வி. அவன்கள் ஏற்கனவே படம் போட்டு வைத்திருந்தார்கள். ஓ.டி.பி. வைத்து லாகின், அதற்கப்புறம் தட்டித் தட்டித் தேர்வு செய்கிற பெட்டிகள், அழகான வண்ணங்கள். எனக்கு உடனே உன் அம்மா ஞாபகம். அவள் நர்சாக இருக்கிற அந்த சப்-சென்டரில் (துணை சுகாதார நிலையம்) போன் பேச வேண்டுமென்றாலே வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும், ஓ.டி.பி. எங்கிருந்து வரும்?

அதனால்தான் அன்றைக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா உன்னிடம் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்று மறந்துபோய்ப் போய்விட்டதாக நினைத்து ஏசினாள். நான் வேண்டுமென்றேதான் புதன்கிழமை போனேன். மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு ஐஸ்பேக் வைத்த அந்த நீலப் பெட்டி, அதன் பக்கத்தில் லாங் சைஸ் நோட்டு, நூல் கட்டிய பேனா. பிள்ளையின் தொடையில் ஊசியைப் போட்டு, பஞ்சை அம்மாக்காரி கையில் கொடுத்து அமுக்கச் சொல்லி, இடதுகையால் நோட்டைத் திருப்பி, அரை வரி எழுதுவாள். மீதி அரை வரியை அடுத்த பிள்ளை வந்து உட்கார்வதற்குள் எழுதுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு அதையே மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஏன் அங்கேயே போனில் ஏற்றக்கூடாது என்று கேட்டேன். "கையில ஊசி, மடியில பிள்ள. போன எந்தக் கையால தட்ட?"

அதை அப்படியே இங்கிலீஷில் மூன்றாவது ஸ்லைடில் போட்டேன். நர்சை எழுதவிடுங்கள், அவர் எழுத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், எழுதி முடித்த பக்கத்தைப் போனில் படம் எடுத்தால் போதும், அது படித்து வைத்துக்கொள்ளும், நெட் கிடைக்கும்போது அனுப்பும். இவ்வளவுதான் எங்கள் யோசனை. சதீஷ் முதலில் "இது ரொம்ப சிம்பிளா இருக்கே" என்று மூஞ்சியைச் சுளித்தான். தேர்வாகிவிட்டது என்று மெயில் வந்ததும் அவனே எல்லாரிடமும் அதை விளக்கிக்கொண்டு திரிந்தான்.

அங்கே போன கதைக்கு வருகிறேன். குளிர் என்றால் அப்படியொரு குளிர், நான் ஆச்சியின் சால்வையைக் கொண்டுபோனது எவ்வளவு நல்லது என்று பார். பெரிய ஹால், மேஜைக்கு ஒரு அணி, தரை முழுக்க வயர். மூன்று வேளையும் பனீர். 11-ஆம் தேதி காலையில் ஆரம்பித்து அன்று சாயங்காலம் நாலரைக்குப் பிரதமர் திரையில் வந்து பேசினார், எல்லாரும் புரோகிராம் எழுதுவதை நிறுத்திவிட்டு போட்டோ எடுத்தார்கள். அப்புறம் மென்டர்கள் ஒவ்வொரு மேஜையாக வந்தார்கள். முதல் மென்டர் கேட்டது, நர்சுகள் பதிவு செய்ய ஏற்கனவே அன்மோல் என்று ஒரு அரசு ஆப் 2016-லிருந்து இருக்கிறது, உங்கள் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிகிற பிக்மி இருக்கிறது, நீங்கள் எதற்கு? நியாயமான கேள்வி. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாங்கள் அவற்றுக்குப் போட்டி இல்லை, நோட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே நிற்கிறோம் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியை சதீஷைப் பார்த்துக் கேட்டார். கடைசிவரை இப்படித்தான். பதில் சொல்வது யாராக இருந்தாலும் டேட்டாபேஸ் கேள்வி பையன்களுக்கு, "வெரி நைஸ் ஸ்லைட்ஸ்" எனக்கு.

ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும், இது நீ படிக்கிற படிப்புக்கும் சம்பந்தப்பட்டது. கையெழுத்தைப் படிக்கிற மாடல் எழுத்தை ஓரளவு பிடித்தது, புள்ளியைப் பிடிக்கவில்லை. பிறப்பு எடை 2.8 என்று எழுதினால் 28 என்று படித்தது. அதைக்கூட விடு, 28 கிலோ குழந்தை என்றால் யாருக்கும் தெரியும். ஒன்றையும் ஏழையும் மாற்றிப் படித்தால்? 2.1 என்பது 2.7 ஆகிவிட்டால்? 2.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை, தனியாகக் கவனிக்க வேண்டிய குழந்தை, அது கணக்கில் நல்ல குழந்தையாகிவிடும். இன்னொன்று, பையன்கள் குழந்தையின் பெயரை வைத்துத்தான் பதிவைத் தேடுகிற மாதிரி செய்திருந்தார்கள். பிறந்த பிள்ளைக்கு ஏதுடா பெயர், 'மாரியம்மாள் குழந்தை' என்றுதான் இருக்கும், எங்கள் தெருவிலேயே மூன்று மாரியம்மாள் இருக்கிறார்கள் என்றேன். அதைக் கேட்டு மாற்றினார்கள். எடை விஷயத்தில் மட்டும் பெரிய சண்டை. சந்தேகமான எண்ணைச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டி, நர்ஸ் பார்த்து ஒத்துக்கொள்ளாமல் சேமிக்கவே கூடாது என்று நான். டெமோவில் அத்தனை சிவப்பு தெரிந்தால் நம் மாடல் மோசம் என்று ஜூரி நினைப்பார்கள் என்று அவன்கள். விடிகிற நேரத்துக்குக் கத்திக்கொண்டிருந்தோம், பக்கத்து மேஜைக்காரன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வேடிக்கை பார்த்தான், ஒரு வார்த்தை புரிந்திருக்காது. கடைசியில் சிவப்புக் கட்டம் வந்தது. நானே எழுதினேன்.

ஜூரியில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை பேச்சி. ஒருவரும். ஏ.ஐ. எங்கே இருக்கிறது, எத்தனை மாநிலத்துக்கு விரிவாக்கலாம், வருமானம் எப்படி, இதுதான்.

நடுவில் ஒரு கூத்து. 12-ஆம் தேதி சாயங்காலம், கடைசிச் சுற்றுக்குக் காத்திருந்தபோது எங்கள் அணியில் ஒருவன் லேப்டாப்பில் இன்னொரு டேபில் (tab) சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் செஸ் ஆட்டத்தைத் திறந்து வைத்திருந்தான். 14-வது ஆட்டம், டிராதான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிங் லிரன் யானையைத் தப்பாக நகர்த்திவிட்டார். குகேஷ் உலகச் சாம்பியன்! நாங்கள் போட்ட சத்தத்தில் எங்களுக்குத்தான் ரிசல்ட் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு வாலன்டியர் ஓடி வந்தான், மற்ற அணிக்காரர்கள் முகம் தொங்கிவிட்டது. குகேஷுக்கு 18 வயசுதான். அப்பா போன் செய்ததும் என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறாய்? ஹேக்கத்தான் அல்ல.

எங்கள் பிரச்சினையில் ஜெயித்த அணி, வாயால் சொன்னால் பதிவாகிற மாதிரி செய்திருந்தது. கூடவே மின்னுகிற ஒரு மேப். குறை சொல்ல முடியாது, எனக்கே பிடித்திருந்தது, ஊசி போடும்போது வாய் சும்மாதானே இருக்கிறது. ஆனால் புதன்கிழமை அந்தத் திண்ணையில் பிள்ளைகள் போடுகிற அலறலில் அது எதைக் கேட்டு எதைப் பதியும் என்று அவர்கள் போய்ப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை.

திரும்பி வந்து சேர்வதற்குள் சதீஷ் லிங்க்ட்இனில் பதிவு போட்டுவிட்டான். ஐந்து பேருக்கும் ஐந்து பட்டம், பேக்எண்ட், மாடல் என்று. கடைசியில் "எங்கள் பி.பி.டி. குயினுக்கு நன்றி". அதற்கு ஒரு கிரீடம் வேறு. நான் லைக் போடவில்லை. அவனிடம் நேரே கேட்டேன், சிவப்புக் கட்டம் யார் எழுதியது என்று. "ஐயோ, ஆமால்ல" என்றான். நிஜமாகவே தோன்றவில்லை அவனுக்கு. இதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். ரயிலில் எனக்கு லோயர் பெர்த்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்தவன் அவன்தான்.

ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வகுப்பில் கிட்டத்தட்ட பாதி பெண்கள், இவன்கள் ஒருத்தியைத் தேடி கேண்டீனில் அலைகிறார்கள். ஏன்? இவர்கள் எல்லாம் கற்றுக்கொள்வது எங்கே என்றால் பையன்கள் ஹாஸ்டலில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல். ஒருவன் லேப்டாப்பில் சிக்கினால் பக்கத்து ரூம்காரன் வந்து பார்ப்பான். எங்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை பி.பி.டி.தான், அதனால் அது எங்களுக்கு. ஏதோ பிறக்கும்போதே ஸ்லைடு போடக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் மாதிரி. அந்த ஹாலில்தான் முதல்முறையாக ராத்திரி முழுக்க அவர்கள் வேலை செய்வதை உடனிருந்து பார்த்தேன். மந்திரம் ஒன்றும் இல்லை ஏட்டி. எர்ரர் வந்தால் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள், அது தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிறார்கள், அவனுக்கும் தெரியாவிட்டால் டீ குடிக்கப் போகிறார்கள். நானும் போனேன். அந்த விதி இல்லாவிட்டால் என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அதனால் அதைத் திட்டவும் மனசு வரவில்லை. வார்டனிடம் கேட் நேரத்தைப் பற்றி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்துப் போட ஆள் சேர்கிறது, பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்கலாம்.

உன் அம்மா நேற்று கடைத்தெருவில் பார்த்து, "அது எப்ப வரும்?" என்று கேட்டாள். என்ன சொல்ல? புரோகிராமை ஏற்றி வைத்திருக்கிற கிட்ஹப் தளத்தில் 12-ஆம் தேதிக்கு அப்புறம் யாரும் கை வைக்கவில்லை. அவன்களுக்குப் பிளேஸ்மென்ட் ஜுரம் வந்துவிட்டது. நான் விடுவதாக இல்லை. அடுத்த வருஷம் ஆறும் பெண்களாக ஒரு அணி போடலாம் என்று நாலு பேரைப் பேசி வைத்திருக்கிறேன். உன்னைச் சேர்க்க ஆசைதான், ஆறு பேரும் ஒரே காலேஜாக இருக்க வேண்டுமாம். ஆனால் உன் உதவி வேண்டும். எண்கள் வேண்டும் எனக்கு, அவசரத்தில் எழுதின நிஜமான எண்கள். நோயாளி பெயர் இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்கமாட்டேன், அதற்கு நீ எனக்கு ஒரு மணி நேரம் நெறிமுறை வகுப்பு எடுப்பாய். உன்கூடப் படிக்கிறவர்களிடம் வெள்ளைத் தாளில் எடை, தேதி, ரத்த அழுத்தம் என்று சும்மா கற்பனையாக எழுதித் தரச் சொல். நின்றுகொண்டே எழுதச் சொல், மேஜையில் வைத்து அழகாக எழுதினால் எனக்குப் பிரயோசனம் இல்லை. முக்கியமாக ஒன்றும் ஏழும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. வராமல் இருந்தால் அந்த டி.டி.ஆர். சம்பவத்தை உன் அண்ணனிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
செல்வி