தேம்ஸ் ஊர்வலத்தை இப்படியா காட்டுறது?

ஆசிரியருக்கு வணக்கம்,

எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆனதுக்கு 2012 ஜூன் 3ஆம் தேதி லண்டன் தேம்ஸ் ஆத்துல சுமார் ஆயிரம் படகு ஊர்வலம் போச்சே, அதை பிபிசி காட்டின லட்சணத்துக்கு ஆயிரக்கணக்குல கம்ப்ளைன்ட் குவிஞ்சிருக்குன்னா அதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. ரெண்டாம் உலகப் போர் சமயம், 1940ல, பிரான்ஸ் கடற்கரை ஊரான டன்கர்க்ல சிக்கின சிப்பாய்ங்கள காப்பாத்தின சின்னப் படகுகளே அந்த வரிசையில வந்துச்சு, அதோட கதையச் சொல்லவே ஒரு மணி நேரம் வேணும், இவங்க என்னடான்னா ஜூபிலி (அதான் இந்த 60 வருஷ விழா) படம் போட்ட வாந்திப் பையப் பத்தி அரட்டை அடிச்சிட்டு இருக்காங்க!

மழை கொட்டினதுக்கு டிவிக்காரங்க என்ன பண்ணுவாங்கன்னு சிலர் சப்போர்ட்டுக்கு வர்றாங்க, சரி, ஹெலிகாப்டர் அணிவகுப்பு கேன்சலானது மழையாலதான். ஆனா அதே மழையில 86 வயசு ராணியும் அவங்க புருஷன் 90 வயசு பிலிப்பும் மணிக்கணக்கா நின்னாங்க (பாவம், மறுநாளே பிலிப்ப ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க), பாட்டுக்காரங்க தொப்பலா நனைஞ்சும் பாடினாங்க, ஸ்டுடியோல உக்காந்திருந்தவங்களுக்கு ஹோம்வொர்க் பண்ண என்ன கஷ்டம்?

இன்னொண்ணு, மன்னராட்சியே வேணாம்னு சொல்ற ரிபப்ளிக் அமைப்புக்காரங்களும் அன்னிக்கு ஆத்தங்கரையில மழையில நின்னு கோஷம் போட்டாங்க. நான் ராணி கட்சிதான், ஆனாலும் அவங்களுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கலாம், அந்த வாந்திப் பை நேரத்தையாவது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், லண்டன்