கூத்து வாத்தியார் வந்திருந்தார்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

நம் கூத்து வாத்தியார் கண் ஆபரேஷனுக்காக வந்து பெரம்பூரில் என் வீட்டில்தான் பத்து நாள் தங்கினார். அவருடைய பாட்டு நோட்டை எல்லாம் கரையான் அரித்துவிட்டதாம். சரி, அவர் இருக்கும்போதே பதிவு செய்துகொள்வோம் என்று, ஆபரேஷனுக்கு முந்தின நாள் செல்போனை முன்னால் வைத்து, துரியோதனன் வேஷத்துக்கான பாட்டைக் கேட்டேன். தாளமில்லாமல் பாடும் விருத்தம் கடகடவென்று வந்துவிட்டது, தாளத்தோடு ஆடிப் பாடும் தருவில் மூன்றாவது அடியோடு நின்றுவிட்டார், எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்புறம் என் மகன் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டான் பார், மனுஷன் எழுந்து அடவு வைத்தபடியே முழுத் தருவையும் பாடி முடித்தார். பாட்டைக் காலில் வைத்திருக்கிறார் சேகர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் இன்னொரு போனைக் காலுக்கு மட்டும் வைத்தேன். என் மகனுக்கு அவர் அடவு திருத்திய அரை மணி நேரத்தையும் வெட்டாமல் பதிவில் அப்படியே விட்டேன். மேடையில் ஆடுவதை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எடுக்கிறார்கள், சொல்லிக் கொடுப்பதை யாரும் எடுப்பதில்லை. யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கையும், ஆவணப்படுத்துவதோடு அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதையும் சேர்த்துத்தான் பாதுகாப்பு என்கிறது. 2008இல் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் ஏறிய கேரளத்துக் கூடியாட்டமும், குரு பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கற்கும் கலைதானே.

துரியோதனன் சாகும் படுகளத்து ஒப்பாரியையும் கேட்டேன். "வீட்டுக்குள்ள அது பாடக் கூடாதுப்பா" என்றார். பதிவை நிறுத்திவிட்டேன். எதை எடுக்கலாம், யாருக்குக் காட்டலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

உன் அப்பா திருவிழாவில் பதிவு செய்த கேசட்டுகள் பரணில்தானே இருக்கின்றன? தயவுசெய்து பழைய டேப்ரிக்கார்டரில் போட்டுப் பார்க்காதே, பூஞ்சை பிடித்திருந்தால் நாடா அறுந்துவிடும். உறை மேல் அவர் எழுதியதையும் போட்டோ எடுத்து வை: எந்த ஊர், எந்த வருஷம், மத்தளம் யார், முகவீணை யார். பேர் தெரியாத குரல் நாளைக்கு அனாதை மாதிரிக் கிடக்கும். வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்பாதே, அது போட்டோவையும் வீடியோவையும் சுருக்கிவிடும். அடுத்த மாதம் நானே ஹார்ட் டிஸ்க்கோடு வருகிறேன், இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உன்னிடமே வைத்துவிடுவோம். வாத்தியாரும் அதற்குள் தெம்பாகிவிடுவார். அந்த ஒப்பாரியை எடுக்க அவர் சம்மதித்தால் கோயில் திடலுக்கே போய் எடுப்போம்.

அன்புடன்,
குமார்