பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்

செபராங் பிறையிலுள்ள எங்கள் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலவை உறுப்பினர்களுக்கும், பினாங்கு மாநிலத்தில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு மாணவர்களுக்குப் பிரத்தியேக வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன திங்கட்கிழமை இரவு, பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நூறு நாள் அட்டவணை வந்தது. திங்கள் முதல் வியாழன் வரை இரவு 8 மணியிலிருந்து 10.30 வரை வகுப்பு. சனிக்கிழமை காலை 8 முதல் மாலை 4 வரை கருத்தரங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் பிற்பகல் 1 வரை மாதிரித் தேர்வு. நான்காம் படிவ மாணவர்களும் இப்போதே சேர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அடியில் ஒரு வரி: வராத மாணவர்களின் பெற்றோர் காரணக் கடிதம் தர வேண்டும்.

என் மகள் நான்காம் படிவத்தில் இருக்கிறாள். அவளை நான் அனுப்பப் போவதில்லை. நீங்கள் கேட்ட காரணக் கடிதம் இதுதான். இதே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். என் தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எனக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் படிக்க முடியாத படிப்பை என் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தினமும் விடியுமுன் பாலம் கடக்கிறேன்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பள்ளி காலை 7.30 முதல் 2.30 வரை, வாரத்துக்கு 35 மணி நேரம். இரவு வகுப்புகள் 10. சனிக்கிழமை 8. ஞாயிற்றுக்கிழமை 4. மொத்தம் 57 மணி நேரம். ஓய்வு இடைவேளைகளைக் கழித்தாலும் ஐம்பதுக்கு மேல் நிற்கிறது. வீட்டுப்பாடம் இதில் சேரவில்லை. பஸ் பயணமும் சேரவில்லை. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், 2023 ஜனவரி 1 முதல் ஒரு தொழிலாளியின் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது. அதற்கு முன்பு 48 ஆக இருந்ததைச் சட்டத்தைத் திருத்திக் குறைத்தார்கள். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் இருக்கிறது. நாற்பத்தாறு வயதான எனக்கு அந்த ஓய்வு நாள் உண்டு. பதினாறு வயதான என் மகளுக்கு உங்கள் அட்டவணையில் அது இல்லை.

இரவுப் பணியின் கடைசி இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், ஆனால் கீறல் விழுந்த பொருள் கண்ணுக்கு முன்னால் கடந்து போகும். அதனால்தான் அந்த நேரத்தில் ஆளை மாற்றி மாற்றி நிறுத்துகிறோம். இரவு பத்து மணிக்குக் கூடுதல் கணிதத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலையும் அதுதான். அதற்கு மட்டும் ஆள் மாற்ற முடியாது.

காலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் பள்ளிப் பஸ் 6 மணிக்கு வருகிறது. மகள் 5.15-க்கு எழுகிறாள். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. சூரியன் அதைக் கேட்கவில்லை. பினாங்கில் ஏழு மணிக்குப் பிறகே சூரியன் எழுகிறது. நம் பிள்ளைகள் கும்மிருட்டில் புறப்பட்டு, வெளிச்சம் வரும்போது வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பருவ வயதில் உடம்பின் தூக்க நேரம் தானாகவே பின்னுக்குப் போகும். அது சோம்பேறித்தனம் அல்ல, வளர்ச்சி. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. 10.30-க்கு வகுப்பு முடிந்து, வீடு வந்து, குளித்து, மறுநாள் பாட வேலையை முடித்துப் படுக்க நள்ளிரவு தாண்டிவிடும். ஐந்து மணி நேரம்கூட மிஞ்சாது. ஒரு நாள் அல்ல, நூறு நாள்.

இந்தக் கணக்கை நான் மூத்தவன் காலத்திலேயே போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

அவன் 2022-இல் ஐந்தாம் படிவம். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. மூன்று இடங்களில் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பினேன். பள்ளிப் பந்துக் குழுவில் கோல்காவலனாக இருந்தான். அதை நிறுத்தச் சொன்னேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரட்டுமா என்று கேட்டான். தேர்வு முடியட்டும் என்றேன். அந்த ஆண்டு எஸ்.பி.எம். அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குத் தள்ளிப்போனதால் அந்த ஓட்டம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. ஒன்பது ஏ எடுத்தான். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைத்தது. அவன் படத்தைப் பதாகையில் போட்டார்கள். நான் அழுதேன்.

அங்கே போன இரண்டாம் மாதம் அழைத்தான். "அம்மா, புத்தகத்தைத் திறக்கிறேன். எழுத்துத் தெரிகிறது. வாக்கியம் உள்ளே போகவில்லை" என்றான். சமாளித்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் அழைப்பது குறைந்தது. விடுமுறைக்கு வந்தபோது பகலெல்லாம் தூங்கினான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தான். எதைக் கேட்டாலும் "என்ன பயன்?" என்பதே பதிலாக இருந்தது. மெட்ரிகுலேஷனை முடித்தான், ஆனால் சராசரிப் புள்ளி நான்குக்கு இரண்டரையைத் தாண்டவில்லை. அவன் விரும்பிய பொறியியல் படிப்பு கிடைக்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன்அவுட்' என்ற இந்த நிலைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: உடலும் மனமும் வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் முடியும் என்ற எண்ணம் தேய்வது. வேலைக்குப் போகிறவர்களை வைத்துத்தான் அதை வரையறுத்தார்கள். என் மகனிடம் மூன்றும் இருந்தன. வாரத்துக்கு அறுபது மணி நேரம் படிக்கும் பிள்ளைக்குப் படிப்புத்தானே வேலை? நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மெட்ரிகுலேஷனில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரருக்கும் பூர்வகுடியினருக்கும்), மீதிப் பத்து மற்ற எல்லாருக்கும். 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதம் அப்படியே இருந்தது. நல்ல தேர்ச்சி எடுத்தும் இடம் கிடைக்காமல் மேல்முறையீட்டுக் கடிதத்தோடு அலைந்த பிள்ளைகளை நம் ஒவ்வொரு தெருவிலும் பார்த்திருக்கிறோம். 2024-இல், பத்து ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். நியாயமான அறிவிப்பு அது. ஆனால் அன்றிலிருந்து நம்மவர் வாயில் "பத்து ஏ" என்ற சொல்லைத் தவிர வேறு சொல் இல்லை. எட்டு ஏ எடுக்கக்கூடிய பிள்ளை, நான்காம் படிவத்திலேயே தன்னைத் தோற்றவனாக எண்ணத் தொடங்கிவிடுகிறது.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி அது ஒன்றுதானா? ஆறாம் படிவத்தைப் பற்றி உங்கள் கூட்டங்களில் யாராவது பத்து நிமிடம் பேசிக் கேட்டதில்லை. ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். கடினம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். 2012-இலிருந்து அது மூன்று தவணைகளாகப் பிரிந்துவிட்டது. ஒரு தவணையில் சறுக்கினால் அந்தத் தாளை மீண்டும் எழுதலாம். பெரும்பாலான மாணவர்கள் பொதுப் பாடத்தோடு சேர்த்து நான்கு பாடங்கள்தான் எடுக்கிறார்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவும் குறைவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்கின்றன. டிப்ளோமா முடித்தவர்களும் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். என் மகன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பதினொரு மணிக்குத் தூங்குகிறான். மறுபடியும் பந்து பிடிக்கிறான். பொறியியல் பட்டத்துக்கு அந்த வழியாகவே போகலாம் என்று திட்டம் வைத்திருக்கிறான்.

அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளியின் 90 விழுக்காடு தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. நீங்கள் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டதும் எத்தனை பிள்ளைகள் சீருடை இயக்கத்தையும் விளையாட்டையும் விட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தேர்ச்சிக்காக என்று சொல்லி, அதே விண்ணப்பத்தின் இன்னொரு பகுதியில் புள்ளியை இழக்கச் செய்கிறோம். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம், எந்தத் தரம் வேண்டும் என்பது அந்த விண்ணப்பத்துக்கான யு.பி.யு. இணையத்தளத்தில் படிப்பு வாரியாக இருக்கிறது. பிள்ளையும் பெற்றோரும் நான்காம் படிவத்திலேயே ஒரு மாலை உட்கார்ந்து அதைப் படித்தால், எந்தப் பாடத்தில் உயிரைக் கொடுக்க வேண்டும், எதில் நல்ல தேர்ச்சி போதும் என்று தெரிந்துவிடும். எல்லாப் பாடத்திலும் ஒரே வேகத்தில் ஓடும் பிள்ளைதான் முதலில் விழுகிறது.

பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் பகலெல்லாம் பள்ளியில் நின்றுவிட்டு இரவில் நம் பிள்ளைகளுக்காக நிற்கிறீர்கள். வசதியில்லாத பிள்ளையிடம் கட்டணம் வாங்காதவர்களும் உங்களில் உண்டு. அதனால்தான் உரிமையோடு சொல்கிறேன்: நேரத்தைக் கூட்டுவது பாடத்தைக் கூட்டுவது ஆகாது. படித்தது மனத்தில் பதிவது தூக்கத்தில்தான். ஒரே பாடத்தை ஒரே இரவில் நான்கு முறை வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது மேல். மூன்று நாள் கழித்து மறுபடி எழுதிப் பார்ப்பது இன்னும் மேல். இது நினைவாற்றலை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. என் மகள் போகும் கணித வகுப்பு வாரத்துக்கு ஒரு முறைதான், ஒன்றரை மணி நேரம். அந்த ஆசிரியை வந்தவுடன் போன வாரப் பாடத்திலிருந்து பத்துக் கேள்விகள் கொடுப்பார். புத்தகம் திறக்கக்கூடாது. தவறு விழுந்த கேள்விகளை மட்டும்தான் அன்று விளக்குவார். மீதி நேரம் புதுப் பாடம். ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் தாண்டவிட மாட்டார். மகளின் கணக்குத் தேறியது அந்த வகுப்பில்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022-இல் சுகாதார அமைச்சு பதின்ம வயது மாணவர்களிடம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. நாற்பது பேர் இருக்கும் நம் வகுப்பறையில் அது பத்துப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேர் யார் என்று நம்மில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நாம் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறோம். பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகும் பிள்ளையை "என்ன பிரச்சனை பண்ணினாய்?" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. என் வீட்டிலும் இருந்தது. 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் உதவி அழைப்பு இருப்பதை நான் அறிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான். அந்த எண்ணை வகுப்பு வாரியாக ஒட்டுங்கள். அதற்குச் சங்கத்தின் பணம் அதிகம் தேவைப்படாது.

செயலவையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இரவு 9 மணிக்குப் பிறகு எந்த வகுப்பும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். கோயிலுக்குப் போகட்டும், பாட்டி வீட்டுக்குப் போகட்டும், ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்கட்டும். நான்காம் படிவத்தை இந்தத் திட்டத்திலிருந்து விட்டுவிடுங்கள். சனிக்கிழமைக் கருத்தரங்குகளில் ஒன்றை மட்டும் எடுத்து, ஆறாம் படிவத்திலும் பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் இப்போது படிக்கும் நம் பழைய மாணவர்களை அழைத்துவந்து பெற்றோர் முன்னால் பேச வையுங்கள். முடிவுகள் வந்ததும் பதாகை போடுவீர்கள் என்றால், இரண்டாண்டு கழித்து அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்றும் ஒரு முறை வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். என் மகன் படத்தைப் போட்டவர்கள் யாரும் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு வர அனுமதி கேட்கிறேன். மேலே சொன்ன அளவுக்குள் ஒரு மாற்று அட்டவணையை எழுதி வைத்திருக்கிறேன். கணித ஆசிரியை ஒருவரும் ஆறாம் படிவ மாணவர் இருவரும் அதைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லாத வாரங்களில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளவும் உணவு ஏற்பாடு செய்யவும் வருகிறேன். அதற்குள் மகளின் பெயரை இரவு வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் படிவ மாணவி ஒருத்தியின் தாய்,
பிறை, பினாங்கு