கட்டைகளை வெளியே எடுத்து வை

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்ச் மாதம் நான் பென்சில்வேனியாவில் இருந்தபோது, மாப்பிள்ளையும் நானுமாகத் துளை போட்டு ஷிட்டாக்கே காளான் வித்து அடைத்த ஓக் கட்டைகள் எட்டையும் பேஸ்மென்டில் அடுக்கியிருக்கிறாய்! காளான் இருட்டில்தான் வளரும் என்று யாரோ சொன்னார்களாம். பதினோரு வருடம் கீற்றுக் கொட்டகையில் சிப்பிக் காளான் போட்டவள் நான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காளானுக்கு வெயில்தான் ஆகாது, வெளிச்சம் ஆகும். செடியைப்போல அது வெளிச்சத்தை வைத்து உணவு தயாரிப்பதில்லை, உண்மைதான். ஆனால் மொட்டு விட்டுக் குடை விரிய ஓரளவு வெளிச்சம் வேண்டும். நம் கொட்டகையில் காற்றும் வெளிச்சமும் போகாத அந்த மூலைப் படுக்கையில் காம்பு மட்டும் நீண்டு, குடை சட்டைப் பொத்தான் அளவில் நின்றுபோனதே, மறந்துவிட்டாயா?

நிழலில் வைக்கச் சொன்னது கட்டை காயாமல் இருக்க. கட்டைக்குள்ளே வேர்போல ஓடும் காளான் இழைக்கு ஈரம்தான் உயிர். கட்டையின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் இழை சாகத் தொடங்கிவிடும். பேஸ்மென்டில் ஹீட்டர் ஓடுகிறது, மழையும் படாது. வெளியே குளிருமே என்று பயப்படாதே. பனி மூடினாலும் ஷிட்டாக்கே தாங்கும். கொல்லையில் அந்த ஹெம்லாக் மரத்தடியிலேயே திரும்ப வை. மற்ற மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் மாதங்களிலும் அதன் நிழல் போகாது. தரையில் படாமல் இரண்டு கழி கொடுத்து அடுக்கு. தூக்கும்போது பட்டை உரியாமல் பார்த்துக்கொள். பட்டை போனால் ஈரமும் போய்விடும், கண்ட காளானும் வந்து ஏறும்.

எட்டு மாதமாகியும் ஒன்றும் காணோம் என்கிறாய். வைக்கோல் படுக்கையில் இருபது நாளில் மொட்டுப் பார்த்துப் பழகிய எனக்கே இது பெரிய சோதனை. மரக்கட்டையில் ஆறு மாதமும் ஆகும், ஒன்றரை வருடமும் ஆகும். கட்டையின் வெட்டு முகத்தைப் பார். வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் இழை அங்கே வரை வந்துவிட்டது என்று அர்த்தம். வரும் கோடையில் ஒரு கட்டையை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போட்டுப் பார். தயாராக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் காய்க்கும். பறித்த பிறகு இரண்டு மாதம் ஓய்வு கொடு. இப்படி மூன்று நான்கு வருடம் எடுக்கலாம்.

பறித்ததைப் பச்சையாகக் கடிக்காதே. ஷிட்டாக்கே சரியாக வேகாவிட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் சாட்டையடி பட்டதுபோலத் தடித்துவிடும். மிளகு தட்டிப் போட்டு நன்றாக வதக்கு.

அப்புறம், கட்டைகளை மாப்பிள்ளையைத் தனியாகத் தூக்க விடாதே. போன தடவை பிடித்த இடுப்பு பதினைந்து நாள் படுத்தியது.

அன்புடன்,
அம்மா